உள்ளான் நடை

ஏரியை அளக்க வந்திருக்கும் வெள்ளைக்காரத் துரைக்கு நான் படகு தள்ளுகிறேன். படகு தள்ளுவதோடு விட்டால் பரவாயில்லை. எனக்கு வாய் ஓயாது என்பதை முதல் நாளே கண்டுகொண்டுவிட்டார். அன்றிலிருந்து கண்ணில் படுவதற்கெல்லாம் தமிழில் என்ன என்று கேட்டு உயிரை வாங்குகிறார். பழவேற்காட்டில் டச்சுக்காரர் என்கிறார்களே, அந்த உலாந்தாக்காரர்கள் கொடி பறந்த காலத்தில் அவர்களுடைய கோட்டையில் எடுபிடி வேலை பார்த்தவன் நான். அவர்கள் தங்கள் சொல்லை என்மேல் எறிவார்கள், நான் பொறுக்கிக்கொள்வேன். என் சொல்லை அவர்களில் யாரும் கேட்டதில்லை. அவர்கள் போய் இங்கிலீஷ்காரர் வந்தபின் இவர் ஒருவர்தான் கேட்கிறார். அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

போன வாரம் ஒரு சேற்றுத் திட்டின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். உள்ளான் குருவிகள் தண்ணீர் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீர் ஏறினால் பின்னால், இறங்கினால் முன்னால். கால் சேற்றில் படுகிறதா இல்லையா என்றே தெரியாது. படகைக் கண்டதும் எழுந்து அடுத்த திட்டுக்குப் போய் அங்கேயும் அதே ஓட்டம். துரை அதைக் காட்டி, "ஃப்ளிட்" என்றார். அதற்குத் தமிழ் வேண்டுமாம்.

கேட்கக் கேட்க அந்தச் சொல் விரிந்துகொண்டே போனது. பட்சி இங்கிருந்து அங்கே சத்தமில்லாமல் போவதற்கும் அதுதான். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து மறைவதற்கும் அதுதான். மனதில் ஒரு நினைப்பு குறுக்கே ஓடுவதற்கும் அதுதான். ஊருக்குத் தெரியாமல் வீடு மாறிப் போவதற்கும்கூட அவர்களில் சிலர் அதையே சொல்வார்களாம். நான் விசுக்கென்று, விருட்டென்று, சட்டென்று, குடுகுடுவென்று என என்னிடம் இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டேன். போட்ட பிறகு எனக்கே பிடிக்கவில்லை. விசுக்கென்பதில் கொஞ்சம் கோபம் இருக்கிறது, விருட்டென்பதில் அதைவிட அதிகம். குடுகுடு கிழவர்களுக்குத்தான் ஆகும். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கனம். கனமே இல்லாத வேகத்துக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். சொல் வரவில்லை, என் அண்ணிதான் வந்து நின்றாள். நின்றாள் என்பதும் தப்பு. அண்ணி எங்கே நின்றாள்?

அவளுடைய பெயர் எனக்குத் தெரியும். வாயால் சொல்லிப் பழக்கமில்லை. இப்போது சொன்னால் வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். அண்ணி என்றே இருக்கட்டும்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்த விதமே கொஞ்சம் விபரீதம். கல்யாணத்தில் மணவறையைச் சுற்றி வரும்போது மாப்பிள்ளை முன்னால் போக வேண்டும், பெண் தலைகுனிந்து பின்னால் வர வேண்டும். அண்ணி தலையைக் குனிந்தாள், அது வரை சரி. முதல் சுற்று முடிவதற்குள் அண்ணனைத் தாண்டிப் போய்விட்டாள். இரண்டு பேர் துணியையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்ததால் அண்ணன் கன்றுக்குட்டி மாதிரி இழுபட்டுக்கொண்டு பின்னால் வந்தான். பாதிச் சுற்றில் முடிச்சு அவிழ்ந்தது. என் அம்மாவுக்கு முகம் செத்துப் போயிற்று. "இன்னாம்மா அவசரம் ஒனக்கு, புள்ளைக்கு மூச்சு வாங்குது பாரு" என்றாள். அண்ணி நிமிர்ந்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். நான் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன். கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தவர்கள் யாரும் பார்த்திருக்க முடியாது. அவளுடைய சிரிப்பும் அப்படித்தான், வந்ததும் போய்விடும்.

அண்ணனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நல்ல ஆள், நல்ல உடம்பு, ஒரு குறையும் கிடையாது. ஆனால் நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். வலையில் ஒரு கண்ணி அறுந்தால் அதைக் கட்டுவதற்குமுன் மற்ற கண்ணிகளையெல்லாம் நலம் விசாரித்துவிட்டுத்தான் வருவான். சாப்பிட உட்கார்ந்தால் மீன் முள்ளைக்கூட மரியாதையாக எடுத்து வைப்பான். இவனுக்கு அவள். இரண்டு பேரும் சேர்ந்து பழவேற்காட்டுக்குக் கிளம்பினால் அண்ணி கூடையோடு போய், மீனை விற்று, திரும்பி வரும் வழியில் அண்ணனைச் சந்திப்பாள். ஊரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், அண்ணனும் சேர்ந்து சிரிப்பான். அவன் சிரித்து முடிக்கும்போது மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

கோட்டைச் சமையல்கட்டுக்கு இறால் கொண்டுபோவது அண்ணிதான். வாசல் காவல்காரன் யாரது என்று கேட்டு முடிக்கும்போது அவள் உள்ளே கூடையை இறக்கியிருப்பாள். ஒரு நாள் உலாந்தாக்காரர் வீட்டில் ஒரு சாவு. கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கறுப்பு உடுத்தி, அடிமேல் அடி வைத்துப் போனார்கள். சந்து குறுகல். அண்ணி அவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். தாண்டினால் மரியாதை இல்லை, தாண்டாவிட்டால் வெயிலில் இறால் வீணாகும். அன்று வீட்டுக்கு வந்து அவள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. "செத்தவரே எழுந்து நடந்திருந்தா சுருக்கா போயிருப்பாரு தம்பி" என்றாள். அதைச் சொல்லும்போதே உலையில் அரிசி போட்டு, கோழியைக் கூடையில் கவிழ்த்து, வாசலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டாள்.

அவளுடைய நடையை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் கோடையில்தான். கோடையில் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்ளும், ஏரி வற்றும். ஏரிக்குள் இருக்கும் எங்கள் தீவுக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே பாதி தூரம் சேறு. மேலே வெயிலில் காய்ந்த மெல்லிய ஏடு இருக்கும், அதற்குக் கீழே கூழ். ஏட்டை நம்பிக் கால் வைத்தவன் தொடைவரை இறங்குவான். அண்ணி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதன்மேல் போய்விடுவாள். ஓட்டம் இல்லை, குதிப்பு இல்லை, இந்த உள்ளான் போகிறதே அப்படி. திரும்பிப் பார்த்தால் அவள் போன தடமே இருக்காது. இளவட்டத் திமிரில் நானும் ஒரு தரம் பின்னால் போனேன். முழங்காலுக்கு மேல் இறங்கி, அழாத குறையாக அவளைக் கூப்பிட்டேன். வந்து இழுத்துப் போட்டாள்.

"நின்னா உள்ள இழுத்துக்கும் தம்பி" என்றாள். "நாம யாருன்னு சேறு யோசிக்கறதுக்கு முந்தி போயிடணும்."

இதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்டேன். பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தலை நிற்பதற்குமுன் ஒரு காய்ச்சலில் போய்விட்டது. அண்ணன் மூலையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. காரியம் முடிந்த மறுநாள் காலையில் அண்ணி கூடையை எடுத்தாள். தெருப் பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். கல் நெஞ்சு என்றார்கள், பெத்தவளா இவள் என்றார்கள். நான் வாசலில் இருந்தேன். அவளைப் பார்த்தேன், அவ்வளவுதான். என்னைத் தாண்டிப் போகும்போது, "நின்னா இழுத்துக்கும்னு அப்பவே சொன்னேனே தம்பி" என்றாள். அந்தச் சிரிப்பு வந்து போயிற்று. அன்றைக்குத்தான் அவளுடைய வேகத்தின்மேல் எனக்குப் பயம் வந்தது. அவள் எங்கேயோ போகிறாள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எதனிடமிருந்து போகிறாள் என்று நினைத்ததில்லை.

இனிமேல் பாடு எடுத்த கதைக்கு வர வேண்டும். ஏரியில் யார் எங்கே எந்த நாளில் வலை கட்டுவது என்பதை எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள் அம்மன் கோயில் முன்னால் குலுக்கி எடுப்போம். அதுதான் பாடு. குறி போட்ட கிளிஞ்சல்களைக் குடத்தில் போட்டு, வீட்டுக்கு ஒருவர் கை விட்டு எடுக்க வேண்டும். கல்யாணமான மூத்த ஆண்தான் எடுக்கலாம். எடுக்காத வீட்டுக்கு அந்த வருஷம் வலை கட்டும் உரிமை இல்லை. இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் எடுக்காவிட்டால் அந்த வீட்டுப் பாடே போய்விடும், பிறகு காலத்துக்கும் அடுத்தவன் வலைக்குக் கூலி இழுக்க வேண்டியதுதான். முந்தின வருஷம் பாடு எடுக்கும் நாளில் நைனா இறந்து எங்களுக்குத் தீட்டு. கோயில் பக்கம் போகவில்லை. ஆக, அந்த வருஷம் அண்ணன் கை குடத்துக்குள் போயே தீர வேண்டும். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. வாய் இருந்து என்ன செய்ய, என் கை செல்லாது.

அண்ணன் வலைக்கயிறு வாங்க முதல் நாள் பழவேற்காட்டுக்குப் போனான். மறுநாள் விடிந்ததும் படகில் திரும்பிவிடுவதாகச் சொன்னான். விடிந்ததும் கிளம்பியும் இருக்கிறான், அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அன்றைக்கென்று மேற்கத்திக் காற்று எழுந்து, இருந்த கொஞ்சம் தண்ணீரையும் ஒரு பக்கமாய்த் தள்ளிவிட்டது. கோயில் மேட்டிலிருந்து பார்த்தால் தெரிந்தது. நடுச் சேற்றில் படகு சாய்ந்து நிற்க, அதில் அண்ணன் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வீட்டுக்கு ஓடினேன். அண்ணி மீன் அரிந்துகொண்டிருந்தாள். "அண்ணி, அண்ணன் படகு" என்றேன். தரை தட்டிவிட்டது என்பதைச் சொல்லி முடிக்கும்போது என் எதிரே அரிவாள்மணையும் பாதி அரிந்த மீனும்தான் இருந்தன. அண்ணி சேற்றில் இறங்கியிருந்தாள். நான் கோயிலுக்குத் திரும்புவதற்குள் படகை எட்டிவிட்டாள்.

அங்கே நடந்த பேச்சை அண்ணன் எனக்குப் பிறகு சொன்னான். "எறங்கி எம்பின்னால வாய்யா" என்றாளாம்.

"எங்க காலு வைக்கறது?"

"நான் வச்ச எடத்துல வை."

அண்ணன் சேற்றை நிதானமாகப் பார்த்தானாம். "நீ வச்ச எடம் எங்க கீது?" என்றானாம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கரையிலிருந்து படகுவரை ஒரு தடமும் இல்லை. அப்படியும் அண்ணன் ஒரு கால் வைத்துப் பார்த்தான், தொடைவரை போயிற்று. படகைப் பிடித்துக்கொண்டு ஏறினான். மனைவியின் வேகத்தை அவனுக்குக் கடன் கொடுக்க முடியாது. அவள் மட்டும் திரும்பி வந்தும் பிரயோசனமில்லை, பெண்பிள்ளை கை குடத்துக்குள் போகாது.

கோயில் மேட்டில் குலுக்கல் தொடங்கிவிட்டது. ஊர்ப் பெரியதனக்காரர் நியாயமான மனுஷர். எங்கள் வீட்டைக் கடைசியில் கூப்பிடுவதாகச் சொன்னார். "கடைசிக் கிளிஞ்சல்வரைக்கும் பாப்பேன்யா. அதுக்குமேல கொடத்தைக் கவுத்துடுவேன். கவுத்தா கவுத்ததுதான்" என்றார். நான் என் பங்குக்கு வாயைத் திறந்தேன். ஒரு கிளிஞ்சலில் குறி சரியாகத் தெரியவில்லை என்றேன். இன்னொருவர் கை விடும்போது உள்ளே பார்த்தார் என்றேன், அவர் என்னை அடிக்க வந்தார். எனக்கு வேண்டியது அதுதான், அடிதடி என்றால் கொஞ்ச நேரம் ஓடும். எல்லாருக்கும் நான் எதற்குப் பேசுகிறேன் என்று தெரியும். பாதிப் பேர் பேசவிட்டார்கள்.

அப்போதுதான் ஒருவர், "இன்னாய்யா பண்ணுது அந்தப் பொண்ணு?" என்றார். எல்லாரும் திரும்பினோம்.

படகுக்குள் கால் வைக்கப் போட்டிருந்த பலகைகளை அண்ணி பெயர்த்துவிட்டாள். ஒரு பலகையைச் சேற்றில் போட்டு அண்ணனை அதில் நிற்க வைத்தாள். அடுத்ததை அவன் முன்னால் போட்டாள். அவன் அதில் ஏறியதும் பின்னால் போய் முதல் பலகையைப் பிடுங்கி, சுற்றிக்கொண்டு முன்னால் வந்து போட்டாள். பிறகு மறுபடி பின்னால். அண்ணன் பலகைக்குப் பலகை தன் வழக்கப்படி பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தான். அவனைச் சுற்றி அவள் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடினாள். அவன் ஒரு தரம் கடந்த தூரத்தை அவள் எத்தனை தரம் கடந்தாளோ தெரியாது. முதலில் எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். ஊரில் இதைவிடச் சிரிப்பான காட்சி வராது, நானும் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. சேற்றில் ஒட்டிய பலகை சும்மா வராது. நின்று, காலை ஊன்றி, ஆட்டி ஆட்டிப் பிடுங்க வேண்டும். அவள் நின்றாள். நின்ற ஒவ்வொரு தரமும் இறங்கினாள், முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், அப்புறம் அதற்கும் மேலே. காலை உருவி, பலகையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து, திரும்பிப் போய், மறுபடி நின்றாள். அண்ணன் ஏதோ சத்தம் போடுவது கேட்டது. விட்டுவிடு, பாடு போனால் போகட்டும் என்றானாம். "நீ பலவைய பாத்து நடய்யா" என்றாளாம்.

குடத்தில் ஒரு கிளிஞ்சல்தான் மிச்சம். பெரியதனக்காரர் குடத்தின்மேல் கை வைத்துக்கொண்டு சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பேச்சு தீர்ந்துவிட்டது. ஒருவர், "நேரம் ஆவுது, முறைன்னு ஒண்ணு கீதில்ல" என்றார். பெரியதனக்காரர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "குறி சரியா தெரியலன்னு இந்தத் தம்பி சொன்னானே, அதை மறுக்கா பாக்கணும்" என்றார். எடுத்த கிளிஞ்சல்களை ஒவ்வொன்றாக வெயிலில் காட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைசிப் பலகையிலிருந்து அண்ணன் கெட்டித் தரையில் கால் வைத்தான். வைத்ததும் ஓடினான். என் ஆயுசில் அவன் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். இடுப்புவரை சேறு, கண்ணில் தண்ணீர். வந்த வேகத்தில் குடத்துக்குள் தோள்வரை கையை விட்டான். கிளிஞ்சலை எடுத்து உயர்த்திக் காட்டினான். நல்ல இடமா, மோசமான இடமா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பாடு நின்றது. இன்றுவரை அண்ணன் வீட்டு வலை அந்த ஏரியில் நிற்கிறது.

அண்ணி வரவில்லை. பின்னால் கிடந்த பலகையைப் பிடுங்கப் போனவள் அங்கேயே இருந்தாள், தொடைக்கு மேல் இறங்கி, பலகையின்மேல் இரண்டு கையையும் தலையையும் சாய்த்துக்கொண்டு. நாங்கள் கயிறு போட்டு இழுத்தோம். வரும்போது அவளுடைய ஒரு முழங்காலில் ஒரு சத்தம் கேட்டது. எண்ணெய் போட்டார்கள், இலை வைத்துக் கட்டினார்கள், வீக்கம் வடிந்தது. ஆனால் அந்தக் காலை அவள் அதற்குப்பிறகு இழுத்துத்தான் வைத்தாள்.

காற்று நின்று தண்ணீர் திரும்ப நாளாயிற்று. அதுவரை படகிலிருந்து கரைவரை அவள் நின்ற குழிகள் அப்படியே காய்ந்து கிடந்தன. சேற்றில் அவளுடைய கால் தடத்தை நான் பார்த்தது அப்போதுதான். காலையில் போய் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளான்கள் குழிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு ஆத்திரமாக வரும். யார்மேல் என்று தெரியாது. முறைமேலா, காற்றின்மேலா, அடி பார்த்து வைக்கும் என் அண்ணன்மேலா? அவளிடமிருந்ததே அந்த நடை ஒன்றுதான், அதையும் எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளே என்று மனது அடித்துக்கொள்ளும். துரை சொன்னதில் வீடு மாறிப் போகும் அர்த்தம் ஒன்று இருக்கிறதே, அது மட்டும் அண்ணிக்குப் பொருந்தாது. அவள் எங்கள் வீட்டை விட்டுப் போனது உயிர் போன அன்றுதான். அதுவும் ஆகிப் பல வருஷம்.

கால் போன அடுத்த வருஷம் பழவேற்காட்டில் மீன் விற்கும் இடத்தில் நான் இருந்தேன். அண்ணனும் அண்ணியும் வந்தார்கள், சேர்ந்தே வந்தார்கள். கூடை அண்ணன் தலையில் இருந்தது. அவள் காலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே வேகம். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அண்ணன் கூடையை இறக்கிவிட்டு நிழலில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்தான். நான் அவளிடம் மெதுவாக, "ரொம்ப கஷ்டமா கீதா அண்ணி?" என்றேன்.

"இன்னாத்துக்குத் தம்பி?"

"நீ நடந்த நடை இன்னா, இப்ப..."

அவள் அண்ணன் பக்கம் பார்த்தாள். அவன் ஒரு வெற்றிலையை எடுத்து, திருப்பி, நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"இத்தினி வருசமா நான் முன்னால போய்க்கினே இருந்தேனா, ஒங்கண்ணன் மூஞ்சியை நடக்கறப்ப பாத்ததே இல்ல தம்பி" என்றாள். "இப்பத்தான் பாக்கறேன். நடந்துக்கினே அந்தக் கொழந்தையப் பத்தி எங்கூடப் பேசுது. அது இத்தினி நாளும் பேசிக்கினுதான் வந்துக்குது போல. பின்னால."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வந்த வேகத்தில் போய்விடும் என்று நினைத்தேன். அண்ணன் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டு முடிக்கும்வரை அது அவள் முகத்திலேயே இருந்தது.